வடதுருவத்திலிருந்து வந்த கடிதங்கள்

நுழையும் முன்

டிசம்பர் மாதம் பிறந்ததும் வீடுகளின் வாசலில் விண்மீன் விளக்குகள் ஒளிரத் தொடங்கும். சிவப்பு உடையும் வெண்தாடியும் கொண்ட கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவம் கடைகளின் முகப்பில் நின்று புன்னகை பூக்கும். அந்தத் தாத்தாவின் பெயரால் 1920 முதல் 1943 வரை தம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிவந்த தந்தை ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. உலகம் அவரைப் பெரும் எழுத்தாளராக அறியும். அவர் தம் வீட்டில் நால்வருக்கு மட்டுமே எழுதிய எழுத்தைப் பற்றி இங்கு அறிவோம்.

தாத்தாவின் கதை

நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மைரா என்னும் ஊரில் நிக்கோலஸ் என்னும் கிறித்தவ ஆயர் வாழ்ந்தார். வறுமையால் திருமணம் தடைப்பட்டிருந்த பெண்கள் மூவரின் வீட்டில், இரவு வேளையில் யாரும் அறியாவண்ணம் பொன் முடிப்புகளை அவர் இட்டுச் சென்றார் என்பது வழிவழியாக வழங்கும் கதை. கொடுப்பவர் தம்மை மறைத்துக்கொண்டு கொடுத்தார் என்பதே அக்கதையின் உயிர். டச்சு மக்கள் அவரைச் சின்டர்கிளாஸ் என்று அழைத்தனர். அப்பெயர் அமெரிக்காவில் சாண்டா கிளாஸ் என்று திரிந்தது. இங்கிலாந்து மக்கள் தம் நாட்டில் முன்பே வழங்கிவந்த கிறிஸ்துமஸ் தந்தை என்னும் பெயரோடு அவரை இணைத்துக்கொண்டனர். தமிழில் அவர் கிறிஸ்துமஸ் தாத்தா ஆனார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் குழந்தைகள் தம் காலுறைகளைக் கட்டில் ஓரத்திலோ கணப்படுப்பின் அருகிலோ தொங்கவிடுவர். விடிந்ததும் அவற்றில் பரிசுகள் நிறைந்திருக்கும். அவற்றை வைத்தவர் கிறிஸ்துமஸ் தாத்தா என்று குழந்தைகள் மகிழ்வர். இவ்வழக்கத்தைத் தம் வீட்டில் வேறு எவரும் செய்யாத அளவுக்கு வளர்த்தெடுத்தவர் ஜான் ரொனால்ட் ரூவல் டோல்கீன்.

அனுப்பப்படாத கடிதம்

டோல்கீன் 1892ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளும்ஃபான்டெயின் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோரான ஆர்தரும் மேபலும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்தவர்கள். வங்கிப் பணியின் பொருட்டுக் கடல் கடந்து சென்ற ஆர்தர், புளும்ஃபான்டெயினில் வங்கிக் கிளை ஒன்றின் மேலாளராக இருந்தார். வீட்டில் உள்ளோர் சிறுவனை ரொனால்ட் என்று அழைத்தனர். 1894இல் அவனுக்கு ஹிலரி என்னும் தம்பி பிறந்தான்.

தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் மாதம் கோடைக்காலம். ஆகவே ரொனால்டின் நினைவில் பதிந்த முதல் கிறிஸ்துமஸில் பனி இல்லை. சுட்டெரிக்கும் வெயிலும், வெயிலைத் தடுக்க இழுத்து மூடிய திரைகளும், வாடித் தொங்கிய தைல மரக் கிளையுமே அவன் நினைவில் நின்றன.

அந்நாட்டின் வெப்பம் ரொனால்டின் உடல்நலத்துக்கு ஒவ்வவில்லை. எனவே 1895இல் மேபல் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பணிச்சுமையால் ஆர்தர் உடன் செல்ல இயலவில்லை. சில திங்களில் தாமும் வருவதாகச் சொல்லி அவர்களை வழியனுப்பினார். அவ்வாண்டின் கிறிஸ்துமஸைப் பர்மிங்காமில் தன் தாய்வழி உறவினரிடையே கழித்தான் ரொனால்ட். குளிர்காலத்தையும் உண்மையான கிறிஸ்துமஸ் மரத்தையும் அவன் அப்போதுதான் கண்டான்.

தந்தையோ நோயுற்றார். அவரால் புறப்பட முடியவில்லை. கணவரைக் கவனித்துக்கொள்ள மேபலே பிள்ளைகளோடு திரும்பிச் செல்ல ஆயத்தமானார். 1896ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், நான்கு வயது ரொனால்ட் தன் தந்தைக்கு ஒரு கடிதம் சொன்னான். அவன் சொல்லச் சொல்லச் செவிலி எழுதினார். விரைவில் கப்பலேறி வரப்போவதையும், தந்தைக்கு அடையாளம் தெரியாத அளவுக்குத் தானும் தம்பியும் வளர்ந்துவிட்டதையும், தங்களுக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் பரிசுகளை எல்லாம் அவருக்குக் காட்ட வேண்டும் என்பதையும் அக்கடிதத்தில் அவன் தெரிவித்திருந்தான்.

கடிதம் அனுப்பப்படவில்லை. அதற்குள் ஒரு தந்தி வந்தது. ஆர்தரின் உடல்நிலை கவலைக்கிடமாகிவிட்டது என்றது அந்தத் தந்தி. மறுநாள் அவர் இறந்துபோனார். அவருடைய உடல் புளும்ஃபான்டெயினிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பரிசுகளைக் காட்டக் காத்திருந்த பிள்ளை தந்தையைப் பின்னர்க் காணவே இல்லை.

அன்னையின் பள்ளி

மேபலுக்குக் கிடைத்த வருவாய் மிகச் சிறியது. அவர் பர்மிங்காமுக்கு அருகில் இருந்த சேர்ஹோல் என்னும் சிற்றூரில் எளிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பிள்ளைகளுக்குத் தாமே ஆசிரியர் ஆனார். இலத்தீன் மொழியையும், செடி கொடிகளைப் பற்றிய அறிவையும், ஓவியத்தையும், அழகிய கையெழுத்தையும் ரொனால்ட் தன் அன்னையிடமே கற்றான். சொற்களின் ஒலியும் பொருளும் அவனை ஈர்த்தன. மரங்களை நேசிக்கவும் வரையவும் அவன் பழகினான். ஊரில் இருந்த பழைய மாவு ஆலையும் அதனை அடுத்த நீரோடையும் சகோதரர் இருவரின் விளையாட்டுக் களங்கள் ஆயின.

1900இல் மேபல் கத்தோலிக்க நெறியைத் தழுவினார். அதனை விரும்பாத உறவினர் சிலர் தம் உதவியை நிறுத்தினர். வறுமையோடு நோயும் சேர்ந்தது. மேபலுக்கு நீரிழிவு நோய் கண்டது. இன்சுலின் என்னும் மருந்து அக்காலத்தில் கண்டறியப்படவில்லை. 1904ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது ரொனால்டுக்கு 12 வயது. ஹிலரிக்கு 10 வயது.

பிரான்சிஸ் மார்கன் என்னும் பாதிரியார் பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் ஆனார். அவர் அன்போடு கவனித்துக்கொண்டார். பிள்ளைகள் தங்குவதற்கு அத்தை ஒருவரின் வீட்டில் இடம் கிடைத்தது. ஒருநாள் சமையலறைக்குச் சென்ற ரொனால்ட் அங்கே சாம்பல் குவியலைக் கண்டான். அன்னையின் கடிதங்களையும் தாள்களையும் அத்தை எரித்துவிட்டிருந்தார். அவற்றைப் பிள்ளைகள் பாதுகாக்க விரும்புவார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. தீய எண்ணம் ஏதும் அவருக்கு இல்லை. ஆயினும் எரிந்தவை எரிந்தவையே. தந்தைக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை. அன்னை எழுதிய கடிதங்களோ எஞ்சவில்லை.

போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு

ரொனால்ட் கல்வியைக் கைவிடவில்லை. உதவித்தொகை பெற்று 1911இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பழைய ஆங்கிலம், வெல்ஷ், ஃபின்னிஷ் முதலிய மொழிகளில் திளைத்தார். 1915இல் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார். தம்மைப் போலவே பெற்றோரை இழந்திருந்த ஈடித் என்னும் பெண்ணை 1916ஆம் ஆண்டு மார்ச் திங்களில் மணந்தார்.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. திருமணமாகி மூன்று திங்கள் கூட நிறைவடையாத நிலையில் டோல்கீன் செய்தித்தொடர்பு அலுவலராகப் பிரான்சு நாட்டுப் போர்முனைக்குச் சென்றார். சோம் ஆற்றங்கரையில் நிகழ்ந்த பெரும்போரில் அவர் பங்கேற்றார். சேறும் எலிகளும் நிறைந்த பதுங்குகுழிகளில் பரவிய காய்ச்சல் அவரையும் தாக்கியது. அதனால் அவ்வாண்டின் நவம்பரில் தாயகம் திரும்பினார். பள்ளிப் பருவத்திலிருந்து அவரோடு பிரியாது பழகிய நெருங்கிய நண்பர்கள் இருவர் அவ்வாண்டு முடிவதற்குள் போரில் உயிரிழந்தனர்.

1917இல் டோல்கீன் இணையருக்கு ஜான் என்னும் மகன் பிறந்தான். போர் முடிந்ததும் டோல்கீன் ஆக்ஸ்போர்டில் பேரகராதித் தொகுப்புப் பணியில் சேர்ந்தார். 1920இல் வடஇங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியப் பணி கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மைக்கேல் என்னும் இரண்டாம் மகன் பிறந்திருந்தமையால், ஈடித் பிள்ளைகளோடு ஆக்ஸ்போர்டிலேயே தங்கினார். டோல்கீன் லீட்ஸில் தனியே தங்கிப் பணியாற்றி, ஓய்வு நாள்களில் குடும்பத்தாரிடம் வந்து சென்றார். அவருடைய தந்தையைப் போலவே அவரும் அந்நாள்களில் பிழைப்பின் பொருட்டுப் பிள்ளைகளைப் பிரிந்திருந்தார்.

முதல் கடிதம்

மூன்று வயது ஜானுக்கு ஓர் ஐயம் எழுந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி இருப்பார், எங்கே வாழ்கிறார் என்று அவன் தந்தையிடம் கேட்டான். பெரும்பாலோர் இத்தகைய கேள்விக்கு ஒரு வரியில் விடை கூறி முடித்துவிடுவர். டோல்கீன் அவ்வாறு செய்யவில்லை.

1920ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஜானின் பெயருக்கு ஓர் உறை வந்தது. வடதுருவத்தின் அஞ்சல்தலை அதன்மீது இருந்தது. உள்ளே கிறிஸ்துமஸ் தாத்தாவே எழுதிய கடிதம் இருந்தது. முதியவர் ஆதலாலும் துருவக் குளிரில் எழுதியதாலும் அவருடைய கையெழுத்து நடுங்கியிருந்தது. ஜான் தம்மைப் பற்றி விசாரித்ததை அறிந்ததாகவும், அவனுக்காகத் தம் உருவத்தையும் தம் வீட்டையும் வரைந்து அனுப்புவதாகவும் தாத்தா தெரிவித்திருந்தார். செந்நிற அங்கியோடு பனியில் மூட்டை சுமந்து நடக்கும் முதியவரும், பனிக்கு நடுவே வட்ட வடிவில் நிற்கும் அவருடைய வீடும் வண்ண ஓவியங்களாக உடன் வந்தன.

அஞ்சல்தலையை வரைந்தவர், ஓவியங்களைத் தீட்டியவர், நடுங்கும் எழுத்தில் கடிதம் எழுதியவர் ஆகிய மூவரும் ஜானின் தந்தையே. ஜான் அதனை அறியான்.

பனிக்கரடியின் குறும்புகள்

அக்கடிதத்தோடு நிற்காமல், ஏறத்தாழ ஆண்டுதோறும் வடதுருவத்திலிருந்து கடிதம் வந்தது. 1924இல் கிறிஸ்டோபரும் 1929இல் பிரிசில்லாவும் பிறந்தனர். பிள்ளைகள் பெருகப் பெருகக் கடிதங்களும் நீண்டன. தாத்தாவின் வீட்டில் புதிய மாந்தர் சேர்ந்தனர். அவர்களுள் முதன்மையானது பனிக்கரடி. அது தாத்தாவின் உதவியாளர். அன்பும் வீரமும் மிக்கது. ஆயினும் அது தொட்ட செயல் எதுவும் கேடின்றி முடிந்ததில்லை.

1925ஆம் ஆண்டுக் கடிதத்தில், தாத்தாவின் தொப்பி காற்றில் பறந்து வடதுருவக் கம்பத்தின் உச்சியில் சிக்கிக்கொள்கிறது. வேண்டாம் என்று தாத்தா தடுத்தும் கேளாமல் கரடி கம்பத்தில் ஏறுகிறது. கம்பம் நடுவில் முறிந்து வீட்டுக் கூரைமேல் விழுகிறது. கூரையைப் பொத்துக்கொண்டு கரடி உணவறையில் வந்து விழுகிறது. கூரைமேல் இருந்த பனியெல்லாம் உருகிப் பரிசுப் பொருள்கள் வைத்திருந்த நிலவறைக்குள் பாய்கிறது. தாத்தா வேறு வீட்டுக்குக் குடிபெயர நேர்கிறது.

மறு ஆண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு உரிய வடதுருவ ஒளி முழுவதையும் கரடி ஒரே நேரத்தில் வெடிக்கச் செய்கிறது. அந்த அதிர்ச்சியில் நிலவு நான்காக உடைகிறது. நிலவில் வாழும் மனிதர் தாத்தாவின் தோட்டத்தில் வந்து விழுகிறார். 1936இல் குளியல் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக் கரடி உறங்கிவிடுகிறது. நீர் தளத்தின் வழியே இறங்கி, இங்கிலாந்துப் பிள்ளைகளுக்காகக் கட்டிவைத்த பொட்டலங்களை நனைத்துவிடுகிறது.

கரடி குற்றத்தை ஒப்புக்கொள்ளாது. தாத்தாவின் கடித ஓரத்தில் தடித்த, கோணல்மாணலான எழுத்துகளில் தன் மறுப்பை எழுதிவைக்கும். அதன் எழுத்துப் பிழைகளுக்கும் காரணம் உண்டு. அதன் தாய்மொழி துருவ மொழி. ஆங்கிலம் அதற்குப் பிறமொழி. மேலும் பருத்த பாதத்தால் எழுதுகோலைப் பிடிப்பது எளிதன்று. பின்னர் இல்பெரெத் என்னும் மாயக் குறளர் தாத்தாவின் செயலராகச் சேர்ந்தார். அவருடைய எழுத்து மெலிந்து சாய்ந்து ஓடும். கரடிக்கும் செயலருக்கும் கடித ஓரங்களில் வழக்கு நடக்கும். இவ்வாறு ஒரே தாளில் மூவர் கையெழுத்து வெவ்வேறு வண்ண மைகளில் மிளிரும். குகைகளில் வாழும் குறும்பூதங்கள் தாத்தாவின் கிடங்குகளைக் கொள்ளையிட வந்து கரடியிடம் தோற்றோடிய செய்திகளும் பின்னைய கடிதங்களில் வந்தன. பூதங்களின் எழுத்துகளைக் கொண்டு கரடி தானே ஒரு நெடுங்கணக்கையும் அமைத்து அனுப்பியது.

மறைந்திருந்த உழைப்பு

கடிதம் வரும் முறையும் வியப்பூட்டியது. சில ஆண்டுகளில், பனித்துகள் படிந்த உறை கிறிஸ்துமஸ் காலையில் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. சில ஆண்டுகளில் மற்றக் கடிதங்களோடு அஞ்சல்காரரே அதனைக் கொண்டுவந்து தந்தார். பிள்ளைகள் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்களைக் கணப்படுப்பின் அருகில் வைப்பர். அறையில் எவரும் இல்லாத நேரத்தில் அவை மறைந்துவிடும். பிள்ளைகள் கேட்டவற்றுக்கு எல்லாம் தாத்தாவின் கடிதத்தில் விடை இருக்கும். பிரிசில்லா வளர்த்த பொம்மைக் கரடிகளின் நலத்தையும் தாத்தா மறவாமல் விசாரிப்பார்.

டோல்கீன் 1925இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். எனினும் நால்வரை வளர்க்கும் செலவுக்கு ஊதியம் போதவில்லை. ஆகவே கோடை விடுமுறையில் பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கூடுதல் பணம் ஈட்டினார். பகலில் வகுப்புகள், மாலையில் மாணவர் கட்டுரைகள், இரவில் ஆய்வுகள் என்று அவருடைய நாள்கள் கழிந்தன. இவற்றுக்கு இடையே ஒவ்வொரு டிசம்பரிலும் மூன்று விதக் கையெழுத்துகளில் எழுதவும், நீர்வண்ண ஓவியங்கள் தீட்டவும், அஞ்சல்தலைகள் வரையவும் அவர் நேரம் ஒதுக்கினார். பிள்ளைகளுக்குக் காலுறையில் கிடைத்த பொருள்களை எந்தக் கடையிலும் வாங்கியிருக்கலாம். இக்கடிதங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் தொழில்கள் நலிந்தன. வேலையிழந்தோர் பெருகினர். 1931ஆம் ஆண்டுக் கடிதத்தில் தாத்தா இதனை மறைக்கவில்லை. உலகில் பலர் உணவின்றி வாடுவதையும், ஏதும் பெற வழியற்ற குழந்தைகளுக்காகத் தாம் உணவும் உடையும் பொம்மைகளும் திரட்டி வருவதையும் அவர் தெரிவித்தார். கேட்டவை எல்லாம் வராவிட்டால் அதற்கு இதுவே காரணம் என்று பிள்ளைகள் உணர்ந்துகொள்ளுமாறு எழுதினார். பெறுவதற்குக் காத்திருந்த பிள்ளைகள் அவ்வாண்டு பிறருக்கு விட்டுக்கொடுப்பதையும் தாத்தாவிடமிருந்து கற்றனர்.

அதே காலத்தில், குளிர்கால மாலைகளில் டோல்கீன் தம் மைந்தர்களுக்கு ஒரு கதையைச் சொல்லிவந்தார். தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, மாணவர் ஒருவர் எழுதாமல் விட்டிருந்த வெற்றுத் தாளில் அக்கதையின் முதல் வரி பிறந்தது. அதுவே 1937இல் தி ஹாபிட் என்னும் நூலாக வெளிவந்து அவருக்குப் புகழ் சேர்த்தது. வீட்டில் பிறந்த கதை உலகுக்குச் சென்றது. வடதுருவக் கடிதங்களோ வீட்டிலேயே இருந்தன.

விடைபெற்ற தாத்தா

பிள்ளைகள் வளர்ந்தனர். உண்மையை அறிந்துகொண்ட மூத்தவர்களின் பெயர்கள் கடிதத்தின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக விலகின. இறுதியில் பிரிசில்லாவின் பெயர் மட்டும் எஞ்சியது. அவளுக்காகக் கடிதங்கள் தொடர்ந்தன.

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்தின் நகரங்கள்மீது குண்டுகள் விழுந்தன. உணவுப் பொருள்கள் அளவிட்டு வழங்கப்பட்டன. மைக்கேல் விமான எதிர்ப்புப் படையில் பணியாற்றினார். 1943இல் கிறிஸ்டோபர் வான்படையில் சேர்ந்தார். இளமையில் போரின் கொடுமையைக் கண்ட தந்தை, இப்போது தம் மைந்தர்களைப் போருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

போர்க்காலத்திலும் வடதுருவக் கடிதம் நிற்கவில்லை. அங்கேயும் இருப்புக் குறைந்திருந்தது. மக்கள் தத்தம் இல்லங்களை விட்டு வேற்றிடங்களுக்குச் சென்றுவிட்டமையால் தமக்குக் கடிதம் எழுதும் குழந்தைகள் குறைந்துவருவதைத் தாத்தா வருத்தத்தோடு குறிப்பிட்டார். 1941இல் குறும்பூதங்கள் மீண்டும் படையெடுத்து வந்தன. பனிக்கரடி அஞ்சாமல் நின்று போரிட்டு வென்றது.

1943இல் இறுதிக் கடிதம் வந்தது. பிரிசில்லாவுக்கு அப்போது வயது 14. அவள் இன்னும் ஒருமுறை காலுறையைத் தொங்கவிடுவாள் என்று தாத்தா நம்பினார். அதன்பின் தாம் விடைபெற வேண்டியிருக்கும் என்றார். ஆயினும் பழைய நண்பர்களைத் தாம் மறப்பதில்லை என்றும், அவர்கள் வளர்ந்து தமக்கென வீடும் பிள்ளைகளும் பெறும்போது மீண்டும் வர எண்ணுவதாகவும் தெரிவித்தார். அத்தோடு வடதுருவத்தின் அஞ்சல் நின்றது.

தொடர்ந்த கடிதங்கள்

தாத்தாவின் கடிதம் நின்றபோதிலும் தந்தையின் கடிதம் நிற்கவில்லை. 1944இல் வான்படைப் பயிற்சிக்காகக் கிறிஸ்டோபர் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். டோல்கீன் பிறந்த நாடு அது. அவருடைய தந்தையின் கல்லறை இருக்கும் நாடு அது. தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் என்னும் பெருங்கதையை அப்போது எழுதிக்கொண்டிருந்த டோல்கீன், அதன் பகுதிகளை எழுத எழுத மகனுக்கு அஞ்சலில் அனுப்பினார். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து அந்நாட்டுக்குச் செல்லவேண்டிய ஒரு கடிதம் சென்று சேரவில்லை. இம்முறை கடிதங்கள் சென்று சேர்ந்தன. மகனும் உயிரோடு வீடு திரும்பினார்.

அப்பெருங்கதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது. டோல்கீன் 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் தம் 81ஆம் வயதில் மறைந்தார்.

அன்னையின் கடிதங்கள் சாம்பலானதைக் கண்ட அந்தச் சிறுவனின் வீட்டில், வடதுருவக் கடிதங்கள் எரிக்கப்படவில்லை; எறியப்படவும் இல்லை. உறைகளும் ஓவியங்களும் அஞ்சல்தலைகளும் பல ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டன. அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1976இல் கிறிஸ்டோபரின் மனைவி பெய்லி அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். மூலக் கடிதங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளன.

மைரா நகர ஆயர் இரவில் மறைந்து நின்று பொன்னை இட்டுச் சென்றார் என்பது கதை. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஒருவர் நடுங்கும் கையெழுத்துக்குள் மறைந்து நின்று தம் நேரத்தையும் அன்பையும் இட்டுச் சென்றார் என்பது வரலாறு. காலுறையில் வந்த பொம்மைகள் உடைந்திருக்கலாம். இனிப்புகள் அன்றே தீர்ந்திருக்கும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எஞ்சி நிற்பவை அக்கடிதங்களே.

சொல்லும் பொருளும்

ஆயர் – கிறித்தவ சமயத் தலைவர்
செவிலி – குழந்தையை வளர்க்கும் தாதி
கணப்படுப்பு – குளிர்காய வீட்டுக்குள் தீ மூட்டும் இடம்
நிலவறை – தரைக்குக் கீழே உள்ள அறை
நெடுங்கணக்கு – ஒரு மொழியின் எழுத்துகளின் வரிசை
திளைத்தல் – மகிழ்ந்து மூழ்குதல்

பயிற்சி

1. நான்கு வயது ரொனால்டின் கடிதம் ஏன் அனுப்பப்படவில்லை?
2. பனிக்கரடியின் எழுத்துப் பிழைகளுக்குக் கூறப்பட்ட காரணங்கள் யாவை?
3. 1931ஆம் ஆண்டுக் கடிதத்திலிருந்து பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன?
4. ‘இக்கடிதங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
5. உங்கள் வீட்டில் பண்டிகை நாளில் பெரியவர்கள் பின்பற்றும் வழக்கம் ஒன்றைப் பற்றி, ஊரில் உள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதுக. அஞ்சல்தலையை நீங்களே வரைக.